இடுப்பளவு சுவர்

எங்கள் குடியிருப்பில் ஒன்பது வீடுகள், ஒன்பது கார் நிறுத்தும் இடங்கள், பன்னிரண்டு தூண்கள், ஒரு செயலாளர். அந்தச் செயலாளர் நான்தான். பதினோரு வருஷமாக நானேதான். இந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததை என்மேல் இருக்கும் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். அதற்கு முன் முப்பத்தாறு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தேன். "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?" என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டுப் பிழைத்தவன். அதே கேள்வியை ஒருவர் திருப்பி என்னிடம் கேட்டபோது மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷமாக வேலை. எஞ்சினியர் இல்லை. எஞ்சினியர் வாயால் சொல்வதைக் கோடாக மாற்றுகிறவர். எந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி, அது எங்கே வளைய வேண்டும், எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதையெல்லாம் காகிதத்தில் போட்டுக் கொடுப்பார். அதைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் கட்டுவார்கள், பார்க்காமல் கட்டுகிறவர்களும் கட்டுவார்கள்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல் அம்மா. ஆள் நிமிர்ந்தே நடப்பார், யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார், கைப்பைக்குள் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். பெயர் வைத்தவன் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்ச காலம் பெருமை இருந்தது. நேரில் பார்த்தால் எல்லோரும் "மேடம்" என்போம். முதுகைத் திருப்பியதும் ஸ்கேல்.

கூடவே அவருடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டு வயதுவரை மைதானத்தில் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் சொந்தக் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. டாக்டர் "நல்லபடியா முடிஞ்சுது" என்று சொன்னார். அதற்குப் பிறகு டீச்சர் கட்டிலைவிட்டு எழுந்து நடக்கவில்லை. டாக்டருக்கு நல்லபடியாக முடிந்தது என்றுதான் புரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தங்கை வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் டிரேசிங் காகிதத்தில் மையால் வரைய வேண்டும். தப்பாகிப்போனால் ரப்பர் வேலைக்கு ஆகாது. சவர பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை விரல் நுனியில் பிடித்து, காகிதம் கிழியாமல் மையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஸ்கேல் அம்மா சுரண்டினால் அங்கே கோடு இருந்ததற்கான அடையாளமே இருக்காதாம். அலுவலகத்தில் எல்லோரும் தங்கள் தப்புகளை அவர் மேஜைக்குக் கொண்டுவருவார்களாம். இருபத்தாறு வயதில் அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

எங்கள் கட்டடத்தின் வரைபடமும் அந்த மேஜைக்குத்தான் வந்தது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்துவதற்கு. மேலே மூன்று மாடி வீடுகள். பூமி ஆடினால் வெறும் தூண்கள் தாங்காது என்று எஞ்சினியர் கீழ்த்தளத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டில், 'ட' எழுத்தைப் போல் மடங்கிய கான்கிரீட் சுவர்களைப் போட்டிருந்தார். முன்பக்க இடது மூலையில் ஒன்று, பின்பக்க வலது மூலையில் ஒன்று. கட்டடம் கட்டி விற்கிறவர் வந்து பார்த்தார். அவர் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை, சுவர் இருப்பதால் நிறுத்த முடியாமல் போகும் இரண்டு கார்கள்தான் தெரிந்தன. எஞ்சினியர் அன்றைக்கு லீவு. அலுவலக முதலாளி ஸ்கேல் அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டையும் சுரண்டிடும்மா" என்றார்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"வந்ததும் கையெழுத்து வாங்கிக்கலாம்மா. நீ வேலையப் பாரு."

எஞ்சினியர் வந்து நாற்பது தாள்களுக்குக் கையெழுத்துப் போட்டார். சுரண்டியது அவ்வளவு சுத்தம். அவருக்கு எதுவும் தெரியவில்லை. கட்டி விற்றவர் நன்றியாக, அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சலுகையில் ஒரு வீடு தருவதாகச் சொன்னார். அக்காவும் தங்கையும் சந்தோஷமாக முதல் மாடியை எடுத்துக்கொண்டார்கள். தான் சுரண்டியது என்ன என்பது ஸ்கேல் அம்மாவுக்குப் பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் புரிந்தது. எங்கேயோ நடந்த பூகம்பத்தின் படங்களைத் திரையில் காட்டியிருக்கிறார்கள். மேல் மாடிகள் ஜன்னல் கண்ணாடிகூட உடையாமல் அப்படியே இருக்கின்றன, ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கின்றன. கீழ்த்தளத்தைக் காணோம். எங்கள் கட்டடத்தைத் தெருவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படியே ஒன்று அந்தப் படங்களில் இருந்ததாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொன்னார். எதையும் பூசி மெழுகாமல், "அழிச்சது என் கைதான்" என்றார். பொதுவாக மனிதர்கள் இப்படிச் சொல்வதில்லை என்பதால் எங்களுக்குச் சற்று நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வீட்டு புரோக்கர் சுதாரித்துக்கொண்டார். "அப்ப தப்பு உங்க மேலதான மேடம்? நாங்க எதுக்குப் பார்க்கிங்க விட்டுத் தரணும்?" என்றார். நியாயமான கேள்வி என்று எல்லோரும் தலையாட்டினோம். என் தலை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆடியது, ஏனென்றால் பின்பக்க வலது மூலை என்னுடையது.

முன்பக்க இடது மூலை ஸ்கேல் அம்மாவின் இடம். அவரிடம் கார் கிடையாது. "என் இடத்த எடுத்துக்கங்க" என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு மூலையில் மட்டும் சுவர் வைத்தால் ஆடும்போது கட்டடம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு திருகும், எதிர் மூலையிலும் வேண்டும் என்று அவர் அழைத்து வந்த எஞ்சினியர் சொன்னார். எதிர் மூலையில் என் வெள்ளி நிறக் கார் நின்றது. மாதத்துக்கு இரண்டு முறை வெளியே போகும். மீதி இருபத்தெட்டு நாளும் நான் அதைத் துடைப்பேன்.

கூட்டம் எதற்காக நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறதி இல்லை, அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் பூமி லேசாக ஆடியது. ஏழெட்டு செகண்ட் இருக்கும். அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன, மின்விசிறி ஊஞ்சல் ஆடியது. ஆடி முடித்த பிறகு நாங்கள் எல்லோரும் ஓடினோம். முதலில் கீழே போய்ச் சேர்ந்தவன் நான். செயலாளர் என்றால் முன்னால் நின்று வழிகாட்ட வேண்டுமல்லவா? வழிகாட்டும் விதமாகக் காரை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய் நிறுத்தினேன். குடும்பம் குடும்பமாகத் தெருவில் நின்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். பத்து நிமிஷம் கழித்துத்தான் யாரோ, "டீச்சரம்மா எங்க?" என்று கேட்டார்கள்.

டீச்சர் கட்டிலில் இருந்தார். தங்கை வேலைக்குப் போயிருந்தார். படிக்கட்டைப் பார்த்த அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் அதைக் கடந்துதான் ஓடியிருக்கிறோம். நான் எட்டிப் பார்த்தபோது டீச்சர் நிதானமாக, "எல்லாரும் பத்திரமா இறங்கிட்டீங்களா? சரி, சந்தோஷம்" என்றார். அந்த 'சந்தோஷம்' இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஸ்கேல் அம்மா கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். மூன்று வருஷத்தில் ஏழு கூட்டம். அரைத்த மாவையே அரைத்தோம். ஆடினால் ஓடிவிடலாமே என்றார்கள். இத்தனை வருஷம் நின்ற கட்டடம் இனிமேலா விழும் என்றார்கள். கீழே பள்ளம் தோண்டிச் சுவர் எழுப்பினால் ஏதோ கோளாறு என்று வீட்டின் மதிப்பு இறங்கிவிடும், விழுகிற வீட்டுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமென்றால் விழும் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிற பொருளில் புரோக்கர் அரை மணி நேரம் பேசினார். ஸ்கேல் அம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே வரைபடத்தை எடுத்து வருவார், அதே இரண்டு மூலைகளைக் காட்டுவார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்போம். அவருக்கு அக்காவைப் பற்றிய பயம், அதை ஊரார் தலையில் கட்டுகிறார் என்பது எங்கள் தீர்ப்பு. 'அக்கா சுவர்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம்.

ஏழாவது கூட்டத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் கேட்பது சுவர், எங்களுக்கு வேண்டியது கார் நிறுத்த இடம். கார்கள் உள்ளே நுழையாத இரண்டு பக்கங்கள் இருக்கின்றன, பின்பக்கமும் இடது பக்கமும். அந்தப் பக்கங்களில் எல்லாத் தூண்களுக்கும் நடுவே இடுப்பளவுக்குச் செங்கல் சுவர் வைத்துவிட்டால் என்ன? அவர் கேட்டதைவிட நீளம் அதிகம். மேலே திறந்திருப்பதால் காற்றும் வெளிச்சமும் வரும். ஒரு காரும் நகர வேண்டியதில்லை. பாதியாவது கிடைக்கட்டுமே என்றேன். கைதட்டினார்கள். பதினோரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

ஸ்கேல் அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அலுவலக வேலையாக ஐந்து நாள் வெளியூர் போயிருந்தார், அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை அமர்த்திவிட்டு. மூன்று வருஷம் முடியாத வேலையை நாங்கள் நான்கு நாளில் முடித்தோம். வர்ணம்கூட அடித்தோம். அவர் திரும்பி வரும்போது சந்தோஷப்படட்டும் என்று நாலைந்து பேர் கீழேயே காத்திருந்தோம்.

வந்தார். பையைத் தரையில் வைத்தார். சுவரையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஸ்கேலை எடுத்து, சுவர் தூணோடு சேரும் இடத்தில் வைத்துத் தடவினார். ஓர் இழை இடைவெளி இல்லாமல் சிமெண்ட் பூசியிருந்தார் மேஸ்திரி.

"இது யாரோட யோசனை?"

நான் அடக்கமாக ஒரு அடி முன்னால் வந்தேன்.

"சார், ஒண்ணுமே கட்டாம விட்டிருந்தா இதவிட நல்லா இருந்திருக்கும்."

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? நீங்க கேட்டதுல பாதியாவது…"

"பாதிதான் சார் ஆபத்தே. ஆடும்போது தூண் அடியிலேர்ந்து நுனிவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளைஞ்சு தாங்கும். இப்ப கீழ்ப்பாதிய நீங்க இறுக்கிப் பிடிச்சுட்டீங்க. மொத்தத்தையும் மேல் பாதியே தாங்கணும். அந்த இடத்துலதான் ஒடியும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "மூணு வருஷமா நான் எதுக்குக் கத்தினேன்னு ஒருத்தர் காதுலயும் விழலயா?"

நன்றி கெட்டவர் என்று முடிவு செய்தோம். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் என்று படியேறும்போது புரோக்கர் என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். உள்ளுக்குள் எனக்கு நிஜமாகவே வலித்தது. வாங்கிய ஒரே கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழே பயங்கரச் சத்தம். இறங்கிப் பார்த்தால், தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கில் துணி, கையில் எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த கட்டிங் மெஷின். ஸ்கேல் அம்மா சுவரை இடிக்கவில்லை. இடித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் சுவரை மேலிருந்து கீழ்வரை மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து, தூணைத் தொடாமல் விலக்கிக்கொண்டிருந்தார். சுவர் பாட்டுக்குச் சுவர், தூண் பாட்டுக்குத் தூண். பத்து இடங்களில் அறுக்க வேண்டும், மாலை நான்கு மணி ஆயிற்று. நாங்கள் சுற்றி நின்று திட்டினோம், மெஷின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். செங்கல் தூசி முழுவதும் என் கார்மேல் வந்து உட்கார்ந்தது. எனக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் எழுதினேன். காப்பீட்டுக்காரன் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று பிரதி எடுத்து, மறுநாள் மதியம் நானே கொடுக்கப் போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"வாங்க செயலாளர் சார். நோட்டீஸா? அந்த மேஜைமேல வைங்க. உக்காருங்க. இன்னிக்கு ஓடற அவசரம் ஒண்ணும் இல்லியே" என்றார் டீச்சர்.

தங்கை அலுவலகத்தில் இருந்தார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டில்கள். ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே அலமாரியோ படமோ எதுவும் இல்லை. இரும்பு பீரோவை நான்கு இடத்தில் பட்டை வைத்துச் சுவரோடு முடுக்கியிருந்தது. பாத்திரங்கள் எல்லாம் கீழ்த் தட்டில். கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டியிருந்தது. டீச்சரின் கட்டில் காலில் ஒரு விசில் தொங்கியது.

"அது எதுக்கு டீச்சர்?"

"உள்ள மாட்டிக்கிட்டா ஊதறதுக்கு. கத்தினா தொண்ட பத்து நிமிஷத்துல போயிடும் சார். விசில் போகாது." மைதானத்தில் விதி சொல்லிக் கொடுப்பவர்போல் சொன்னார். "கதவு ஏன் திறந்தே இருக்குன்னு கேப்பீங்களே? ஆடினா நிலை கோணிக்கும், கதவு திறக்காது. எல்லாம் அவ ஏற்பாடு."

"தங்கச்சிக்கு உங்களப் பத்தி அவ்வளவு பயம்" என்றேன், நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்னப் பத்தியா?" டீச்சர் சிரித்தார். தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டையும் பழைய ஸ்டாப் வாட்ச் ஒன்றையும் எடுத்தார். "நாள் பூரா படுத்துக் கெடக்கறேன். காதுக்கு மட்டும்தான் வேல. எந்தக் கால் யாரோடதுன்னு சத்தத்த வச்சே தெரியும். மேல கதவு சாத்தறதுலேர்ந்து கீழ கேட்டு திறக்கற வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு ஆகுதுன்னு எழுதி வச்சிருக்கேன். ஓடிடலாம், ஓடிடலாம்னு கூட்டத்துல சொல்றீங்களாமே. சரி, எப்படி ஓடறீங்கன்னு பாப்போம்னுதான்." பக்கத்தைப் புரட்டினார். "ஆட்டம் அரை நிமிஷம் இருந்தாலே அதிகமாம், இவ சொல்றா. உங்க கட்டடத்துல அரை நிமிஷத்துக்குள்ள கீழ போறவங்க ரெண்டே பேர். அதுல ஒருத்தர் பால்காரர், அவர் இங்க குடியில்ல."

"நான்?"

"எழுபத்தெட்டு செகண்ட். அதுல பதினஞ்சு, பூட்டின பூட்ட இழுத்து இழுத்துப் பாக்கறதுக்கு. என் ஸ்கூல்ல உங்களக் கடைசி வரிசையிலகூட நிறுத்தியிருக்க மாட்டேன்."

சிரிக்கத்தான் செய்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். "என் வீட்டுக்காரம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

டீச்சர் நோட்டைப் பார்க்கவில்லை. "நூத்தி அறுபது. ரெண்டாவது மாடி திருப்பத்துல நிக்கறாங்க. மூச்சு வாங்கிட்டு மறுபடி இறங்கறாங்க. முன்னெல்லாம் இல்ல, ரெண்டு வருஷமாத்தான். உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியாது. நோட்டீஸின் மூன்று பிரதிகளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எறங்கும்போது ரெண்டாவது மாடில நிப்பியா?"

"நிப்பேன். ஏன்?"

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்கதான் கார எடுக்கறேன்னு முன்னாலயே போயிடுவீங்களே. யார்கிட்டச் சொல்றது?"

அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் அடுத்த வீட்டுக்காரர்களின் ஆயுளைக் கணக்குப் போட்டவன், ஒரே வீட்டில் இருப்பவளுக்கு மூச்சு வாங்குவதைப் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இங்கே அழகாக எழுதத் தெரியவில்லை.

எட்டாவது கூட்டத்தில் பின்பக்க வலது மூலையைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். புரோக்கர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. மற்றவர்களுக்கோ, இனித் தங்கள் இடம் போகாது என்று தெரிந்ததுமே பூகம்பத்தைப் பற்றிய அறிவு பெருக்கெடுத்துவிட்டது. சுவர் எவ்வளவு முக்கியம் என்று என்னிடமே விளக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஸ்கேல் அம்மா எழுந்து, "நன்றி சார்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மூன்று வருஷம் கழித்துக் கிடைத்ததற்கு இன்னும் நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் புத்தி எங்கே போகும்?

வேலை தொடங்கியது. இரண்டு மூலைகளிலும் தரையைத் தோண்டி அஸ்திவாரத்துக்கு இடம் பண்ணினார்கள். பழைய தூண்களில் துளை போட்டு, புதுக் கம்பிகளைப் பசை வைத்துப் பதித்தார்கள், சுவரும் தூணும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதற்கு. ஸ்கேல் அம்மா காலையில் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை பார்ப்பார். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களின் நுனியை மேஸ்திரி செங்கோணத்தில் மடித்து விட்டிருந்தார். அதை உள்பக்கமாக இன்னும் மடக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தில் மேல்பூச்சு உதிர்ந்ததும் வளையம் வாயைப் பிளந்துவிடும் என்று சொல்லி, அறுபது வளையங்களையும் கழற்றி மறுபடி மடிக்க வைத்தார்.

"உள்ள போறது யாருக்கு மேடம் தெரியப்போகுது?" என்று மேஸ்திரி முனகினார்.

"அதனாலதான் இப்பவே பாக்கறேன்" என்றார்.

கம்பி கட்டி முடியும் தறுவாயில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. நாள் முழுக்கப் படுத்தே இருப்பவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டுமாம். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு இறந்துவிட்டார். பூமி ஆடவில்லை, எதுவும் இடியவில்லை. சாதாரணமாக எல்லோரும் போகிற மாதிரித்தான் போனார். எனக்கு அழுகை வந்தது. என்னை இவ்வளவு சரியாகத் திட்டக்கூடியவர் இனி யாரும் இல்லை.

மரியாதைக்காக மூன்று நாள் வேலையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் மாலை புரோக்கர் என்னைக் கீழே அழைத்துப் போய்ப் பள்ளத்தைக் காட்டினார்.

"டீச்சருக்காகத்தான சார் இதெல்லாம்? அவங்களே போயிட்டாங்க. இன்னும் கான்கிரீட் ஊத்தல. மண்ண தள்ளி மூடிட்டா பழையபடி உங்க இடம் உங்களுக்கு. அந்த அம்மாவும் இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க பக்குவமாக் கேட்டுப் பாருங்க."

சீ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மூன்று வாரமாகத் தெருவில் காக்கை எச்சத்தோடு நிற்கும் காரை நினைத்தேன். பள்ளத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்தேன். மூடிவிட்டால் முன்புபோலவே தாராளமாக நிறுத்தலாம். என் மனைவிக்கு மூச்சு வாங்கும் விஷயம் தெரிந்து சரியாக ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் திரும்பி நடக்க முடியும் என்பதற்கு என்னையே உதாரணம் காட்டலாம்.

நான்காம் நாள் காலை போனேன். கதவு ஒருக்களித்தே இருந்தது. ஒரு கட்டிலை எடுத்துவிட்டார்கள். ஸ்கேல் அம்மா மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். சுவரின் வரைபடம் விரித்துக் கிடந்தது. நான் எதிரே உட்கார்ந்து டீச்சரின் குணத்தைப் பற்றிப் பேசினேன், மைதானத்தைப் பற்றிப் பேசினேன், சுற்றி வளைத்து மெல்ல அங்கே வந்து சேர்ந்தேன்.

"பாவம், டீச்சருக்காகத்தான் நீங்க இந்தச் சுவருக்கு இவ்வளவு பாடுபட்டீங்க…"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அக்காவுக்காகன்னு நான் எந்தக் கூட்டத்துலயாவது சொன்னேனா சார்?"

யோசித்துப் பார்த்தேன். எட்டுக் கூட்டத்திலும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நாங்கள்தான்.

"சொல்லியிருந்தா மொதல் வருஷமே குடுத்திருப்பீங்க. அது எனக்கும் தெரியும். அவதான் சொல்லக் கூடாதுன்னுட்டா." வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை உள்ளங்கையால் நீவி நேராக்கினார். "'எம்மேல பாவப்பட்டுக் குடுத்தா, நான் செத்ததும் வந்து திருப்பிக் கேப்பாங்கடி, அவங்களுக்கு வேணும்னு அவங்களாக் குடுக்கட்டும், அதுவரைக்கும் நான் இப்படியே கெடக்கறேன்'னு சொன்னா. மூணு வருஷம் கெடந்தா."

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. கேட்காததால் எழுந்துகொண்டேன்.

"இன்னிக்கு வேலை ஆரம்பிக்குது. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றேன்.

"சரி சார். கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி கூப்பிடச் சொல்லுங்க. நான் ஒரு தடவ பாத்துடறேன்."

கீழே புரோக்கரும் மேஸ்திரியும் நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் யாரோ எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "என்ன சார், மூடிடலாமா?" என்று மண்வெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"வேண்டாம். கட்டுங்க."

"டீச்சரம்மாதான் இல்லியாமே. அப்ப யாருக்காக சார் கட்டறோம்?"

"மூணாவது மாடிக்கு" என்றேன். புரோக்கரின் வீடும் அதே மாடியில்தான் இருக்கிறது.